பானெட்டைத் தூக்கினால் சக்கரம் தெரியும்

மற்றக் கார்களில் பானெட் என்பது இன்ஜினை மூடும் ஒரு தகடு. ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட், முன்முகம் எல்லாம் சேர்ந்ததுதான் பானெட். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் காரின் முன்பாதி மொத்தமும் முன்பக்கமாகச் சாய்ந்து முதலை வாய் போலத் திறந்துகொள்ளும். உள்ளே இன்ஜினோடு இரண்டு முன்சக்கரங்களும், அவற்றைத் தாங்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், சுருள் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் ராடு எல்லாம் மறைப்பே இல்லாமல் வெயிலில் நிற்கும். குழி வேண்டாம், லிஃப்ட் வேண்டாம். டயர் மேலேயே உட்கார்ந்து புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் அப்படி உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். என் அப்பா ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தவர். நூலளவு தேய்மானம்கூட அவர் விரலுக்குத் தெரியும். 70-களின் தொடக்கத்தில் கைமாறி வந்த ஒரு ஹெரால்டை வாங்கினார். அந்தக் காரைச் சுற்றி எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. அது எங்கள் வீட்டில் மட்டும் இருந்த வழக்கமும் இல்லை. கார் வைத்திருந்த பக்கத்துத் தெரு ஆசிரியரும், ரயில்வே குவார்ட்டர்ஸ் மாமாவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே வேலையைத்தான் செய்தார்கள். வண்டியை வைத்திருப்பவரே அதன் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்துத் தேய்மானத்தைக் கண்டுபிடித்த அந்தக் காலத்தைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. எழுதப்பட வேண்டிய ஒன்று அது.

காருக்கு முன்பே நம் ஊரில் ஸ்பிரிங் இருந்தது. வில்வண்டியில் போனவர்களுக்கு அது தெரியும். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அச்சுக்கு மை போட்டுவிட்டு, சக்கரத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டி, கடையாணியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்கள். மோட்டார் வந்தபோது மை போய் கிரீஸ் வந்தது. ஆட்டிப் பார்க்கும் கை அப்படியே இருந்தது.

ஹெரால்டு பிறந்த இடம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி. ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாக உடலைச் செய்து தர ஆள் இல்லை. அதனால், தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் வெவ்வேறு இடங்களில் செய்த துண்டுகளைப் போல்ட் போட்டு இணைப்பது என்று முடிவு செய்தார்கள். மற்றவர்கள் சட்டத்தை விட்டு விலகிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் சட்டத்துக்கே திரும்பினார்கள். ஹாரி வெப்ஸ்டரின் பொறியியல் குழு அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டது. இத்தாலியின் ஜோவானி மிக்கெலோட்டி உருவத்தை வரைந்தார். 1959 ஏப்ரலில் கார் வெளிவந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களை வெகுவாகக் குறைத்து, ரப்பர் புஷ்ஷும் நைலான் புஷ்ஷும் வைத்திருந்தார்கள்.

துண்டுகளாகப் பிரித்து வைக்கக்கூடிய கார் என்பதால் கடல் கடந்து போய்ப் பூட்டுவதற்கு அது வசதியாக இருந்தது. சென்னையில் 1948-இலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி தொடங்கியிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் ஆலை. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென் என்று போய், 1961-இல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் அது பல கார்களில் ஒன்று. இங்கே கதையே வேறு. உள்நாட்டில் உற்பத்தி செய்யத் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று 1953-இல் சுங்கவரிக் குழுவின் பரிந்துரைப்படி அரசு முடிவெடுத்ததும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிவிட்டுப் போயின. சாதாரணக் குடும்பத்துக்கு மிஞ்சியவை அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு ஆகிய மூன்றும்தான். ஒரு காரை வாங்கினால் பல வருஷம் வைத்திருக்க வேண்டும். பிறகு அதை வாங்குகிறவரும் பல வருஷம் வைத்திருப்பார். தேய்மானத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பவருக்குத்தான் அந்தக் காலம் கொஞ்சம் இரக்கம் காட்டியது.

சாமான் கிடைப்பதும் எளிதாக இருக்கவில்லை. 60-களின் தொடக்கத்தில்தான் உள்நாட்டுப் பாகத் தொழில் காலூன்றியது. ஷாக் அப்சார்பருக்கு கேப்ரியல் இந்தியா 1961-இல் வந்தது. டை ராடு எண்டு போன்ற ஸ்டீயரிங் மூட்டுகளைச் சென்னையிலேயே ராணே செய்யத் தொடங்கியது. புதுச் சாமான் வேண்டுமென்றால் மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகள். பழசு போதும் என்றால் புதுப்பேட்டை. இரண்டிலும் இல்லையென்றால் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும். அப்பா புதுப்பேட்டைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். அங்கே ஒரு பாய் கடை. "சார், இது கழட்டின வண்டி லாரில அடிபட்டது, லிங்க்கு வேணாம், புஷ் மட்டும் எடுத்துக்குங்க" என்று தன் சரக்கையே வேண்டாம் என்று சொன்னவர் அவர். அப்பாவுக்கு அவர் மேல் இருந்த மரியாதை வேறு யார் மேலும் இருந்ததில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறேன்.

முதலில் கண். அப்பா சமதரையில் வண்டியை நிறுத்தி, தூரத்தில் நின்று முன்னாலும் பின்னாலும் பார்ப்பார். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அடுத்தது உள்ளங்கை. டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவுவார். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகவும் பட்டால் சக்கரம் நேராக உருளவில்லை, பக்கவாட்டில் இழுபடுகிறது என்று அர்த்தம். முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நேராக நிற்கின்றன என்னும் டோ அளவு மாறியிருக்கும், அல்லது ஸ்டீயரிங் மூட்டு தேய்ந்திருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். கண்ணால் பார்த்தால் தெரியாத கட்டத்திலேயே கை சொல்லிவிடும்.

பிறகு மட்கார்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றி முழு எடையோடு அழுத்தி விடுவார். வண்டி மேலே வந்து, ஒருமுறை தாழ்ந்து, நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. ஆனால் ஆடாமல் நின்றால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கையால் தரும் மெதுவான அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கிற ஷாக், சாலையில் வேகமாக வரும் அடிக்கு ஈடுகொடுக்காமல் போகலாம். அதனால் அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி படிந்திருக்கிறதா என்றும் விரல் வைத்துப் பார்ப்பார்.

அதற்கப்புறம்தான் ஜாக்கி. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சட்டத்தின் கீழ் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கனமான மரக்கட்டையை முட்டுக்கொடுப்பார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கடியில் கைகூட நீட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தை உச்சியிலும் அடியிலும் பிடித்து, ஒரு கை தள்ள ஒரு கை இழுக்க ஆட்டுவார். கடிகாரத்தின் பன்னிரண்டும் ஆறும். ஆட்டம் தெரிந்தால் என்னைக் கூப்பிடுவார்.

"கண்ணு, ஏறி உக்காந்து பிரேக்கை அமுக்கிப் பிடி."

அதுதான் என் வேலை. ஹெரால்டின் இருக்கை நுனியில் சரிந்து உட்கார்ந்தால்தான் என் கால் பெடலுக்கு எட்டும். பிரேக்கை அமுக்கியதும் சக்கரமும் அதைத் தாங்கும் தண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் தேய்ந்தது சக்கர பேரிங். மறையாமல் இருந்தால் பேரிங் குற்றவாளி இல்லை; மேலே உள்ள பால் ஜாயின்ட்டோ கீழே உள்ள டிரன்னியனோதான். இரண்டே கையும் ஒரு பெடலும் வைத்து இரண்டு நோய்களைப் பிரித்துச் சொல்லிவிடும் இந்த முறையை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்களை நான் பெரிய விஞ்ஞானியாகவே நினைக்கிறேன். ஒரு நுணுக்கம் உண்டு. ஹெரால்டின் முன்சக்கரத்தில் இருப்பது டேப்பர் ரோலர் பேரிங். அதில் மிகச் சிறிய ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். அதைக் கண்டு பயந்து நட்டை இறுக்கிக்கொண்டே போனால் பேரிங் சூடாகிக் கெட்டுவிடும்.

பிறகு மூன்றும் ஒன்பதும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டு, ஸ்டீயரிங் ரேக் இவற்றின் தேய்மானம் தெரியும். பானெட் திறந்தே இருப்பதால், ஒருவர் ஆட்ட இன்னொருவர் மூட்டின் மேல் விரல் வைத்துப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத ‘டக்’ விரலுக்குத் தெரியும். ரப்பர் புஷ்களுக்கு ஒரு டயர் லீவரை இடுக்கில் கொடுத்து மெல்ல நெம்புவார். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுப்பது இயல்பு. இரும்போடு இரும்பு இடிக்கிற சத்தம் வந்தால் ரப்பர் கரைந்துவிட்டது.

டிரன்னியனைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். ஹெரால்டின் உயிர் அதில்தான் இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகி உட்காரும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் கொஞ்சம் திருகும், கொஞ்சம் தளரும். இடப்பக்கத்து மரைக்கு எதிர்மரை வலப்பக்கத்தில். ஆல்ஃபோர்டு அண்ட் ஆல்டர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செய்த இந்த அமைப்பு எளிமையானது, இலேசானது. லோட்டஸ் எலான் போன்ற விளையாட்டுக் கார்களும் டிரையம்ஃபின் இந்தத் தண்டின் வழிவந்த தண்டைத்தான் பயன்படுத்தின.

அது கேட்டது ஒன்றே ஒன்று: கிரீஸ் அல்ல, எண்ணெய். கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டியான இ.பி. 90 எண்ணெய். டிரன்னியனில் உள்ள சின்ன அடைப்பானைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, எண்ணெய் நிரப்பிய கன்னால் அடிக்க வேண்டும்; மேலே எண்ணெய் கசிந்து வரும்வரை. நாட்டில் ஓடிய மற்ற வண்டிகளுக்கெல்லாம் கிரீஸ் என்பதால், சர்வீஸுக்கு விட்ட இடத்தில் பையன் கையில் இருக்கும் கிரீஸ் கன்னையே இதற்கும் வைத்து அழுத்திவிடுவான். அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. கிரீஸ் நாளடைவில் காய்ந்து இறுகி மரையின் வழியை அடைத்துவிடும். புது எண்ணெய் உள்ளே இறங்காது. மழைத் தண்ணீர் மட்டும் எப்படியோ இறங்கிவிடும். மரையில் துரு பிடிக்கும், துருப் பள்ளத்தில் விரிசல் விழும், ஒரு நாள் தண்டு ஒடியும். பெரும்பாலும் அது மெதுவாகப் போகும்போது, ஸ்டீயரிங்கை முழுக்க வளைத்துத் திருப்பும்போதுதான் நடக்கும். அப்போதுதான் அந்த மரைக்கு அதிக வேலை. எங்கள் தெரு முனையில் ஒரு ஹெரால்டு அப்படி முன்சக்கரம் மடங்கிப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஓட்டி வந்தவருக்கு ஒரு கீறலும் இல்லை. வேகத்தில் ஒடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று தெருவே பேசியது.

அன்றிலிருந்து அப்பா டிரன்னியன் எண்ணெயை வேறு யார் கையிலும் விடவில்லை. ஒரு பழைய கன்னைக் கழுவித் துடைத்து, இதற்கென்றே தனியாக வைத்து, அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ‘எண்ணெய்’ என்று எழுதினார்.

காரின் பின்பக்கம் வேறு பாடம். அங்கே ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் சட்டத்தில் அசையாமல் நிற்கும். அதன் தலைமேல் ஒரே பட்டை ஸ்பிரிங் குறுக்காகப் படுத்து, இரண்டு முனைகளிலும் சக்கரங்களைப் பிடித்திருக்கும். சக்கரம் மேலே கீழே போகும்போது ஒரு வட்டத்தின் வில்லில் போவதால் அதன் சாய்வும் மாறும். ஆள் ஏறினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது காலை விட்டால் சக்கரம் அடியில் மடியப் பார்க்கும். இது உண்மையான குறை. இங்கிலாந்திலும் இதைச் சொன்னார்கள். ஆனால் இங்கே ஹெரால்டின் பின்பக்கத்தைத் திட்டியவர்களில் பாதிப் பேர் திட்டியது தளர்ந்துபோன ஸ்பிரிங்கை என்பது என் கணிப்பு. முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்று வருஷக்கணக்கில் ஓட்டினால் எந்தப் பட்டைதான் நிமிர்ந்து நிற்கும்? ஆள் இல்லாதபோதே சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால், டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், பட்டை தளர்ந்துவிட்டது. அதைப் பிரித்து மறுபடி வளைவு ஏற்றித் தர ஊரெல்லாம் பட்டறை இருந்தது. சரியாகச் சூடேற்றிப் பதம் பார்த்து ஆறவைத்தால் நிற்கும். வெறுமனே சம்மட்டியால் அடித்து வளைத்தது சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும்.

இதில் ஏமாறுவதற்கும் இடம் உண்டு. ஹெரால்டைப் பின்னால் ஜாக்கி கொடுத்துத் தூக்கி இறக்கினால், சக்கரங்கள் அடியில் மடிந்தபடியே தரையைக் கவ்விக்கொண்டு, கார் கால் அகட்டாமல் உயரமாக நிற்கும். பழைய வண்டி விற்கிறவர்கள் சிலருக்கு இது தெரியும். ஸ்பிரிங் புதுசு மாதிரித் தெரியும். நான்கு கஜம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டுத்தான் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாக கெஸல் வந்தது. நம் ஊர் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஸ்விங் ஆக்சில் பிடிக்காததால் பின்னால் வழக்கமான நேர் அச்சு போட்டார்கள். சுமைக்கும் நம் சாலைக்கும் அது சரியான முடிவுதான். ஆனாலும் கெஸல் நிலைக்கவில்லை. 77-இல் அது நின்றது. 85-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வந்து, 88-இல் அந்த ஆலையில் கார் உற்பத்தியே முடிந்துபோனது. தாம்பரம் தாண்டிப் பேருந்தில் போகும்போது அந்த மதிலைப் பார்த்து அப்பா பேசாமல் இருந்ததில்லை; உள்ளே வேலை பார்த்தவர்களின் கைத்திறனைப் பற்றி ஏதாவது சொல்லுவார்.

அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. அதன் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் யோசனை. பிரிட்டிஷ் ஃபோர்டின் கான்சல், ஜெஃபிர் கார்களில் 1950-இலேயே வந்தது. மேல் ஆர்ம் கிடையாது, டிரன்னியன் கிடையாது, கிரீஸ் நிப்பிள் கிடையாது. கீழே மூடி முத்திரையிட்ட ஒரே ஒரு பால் ஜாயின்ட். நல்ல அமைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெய் போட வேண்டியதில்லை என்றதும் பார்க்க வேண்டியதும் இல்லை என்று ஆகிவிட்டது. கிரீஸ் அடிக்கக் குனிகிறவர் ரப்பர் கிழிந்திருப்பதைப் பார்ப்பார், நட்டு தளர்ந்திருப்பதைப் பார்ப்பார். குனிகிற வேலை போனதும் அந்தப் பார்வையும் சேர்ந்து போனது. என் தம்பி மகனுக்கு வண்டி ஓட்ட நன்றாக வரும். தன் வண்டியின் டயரை அவன் ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை.

நான் இப்போது வைத்திருப்பதும் ஸ்ட்ரட் உள்ள சின்னக் கார்தான். அப்பாவின் சோதனைகளில் பாதி அப்படியே செல்லும். டயரைத் தடவுவது, பன்னிரண்டும் ஆறும், பிரேக் பெடல் எல்லாம் அதேதான். ஜாக்கி வைக்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்ட்ரட் வண்டியில் கீழ் பால் ஜாயின்ட் எடையைத் தாங்குவதில்லை. அதனால் உடலின் கீழே குறித்த இடத்தில் ஜாக்கி கொடுத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டே ஆட்டலாம். அம்பாசிடர் போல டார்ஷன் பார் கீழ் ஆர்மை அழுத்தும் வண்டிகளில் அப்படிச் செய்தால் ஸ்பிரிங்கின் விசை மூட்டை இறுக்கிப் பிடித்துத் தேய்மானத்தை மறைத்துவிடும்; ஜாக்கியைக் கீழ் ஆர்மின் வெளிமுனையில் கொடுக்க வேண்டும். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் அதன் ஆயுள் முடியத் தொடங்கிவிட்டது. மணலும் தண்ணீரும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ‘டங்’கென்று ஒலித்தால், பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, இன்னொருவரைத் திருப்பச் சொல்ல வேண்டும். சத்தம் கையில் அதிர்ந்தால் மேலே உள்ள பேரிங். வேகத்தடையில் ஏறும்போது மட்டும் சத்தம் என்றால் ஆன்டி ரோல் பாரின் லிங்க்கையும் அதன் புஷ்ஷையும் முதலில் பார்க்கலாம்.

ஒரு கோரிக்கை எனக்கு உண்டு. கார் செய்கிறவர்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். எந்த மூட்டில் எவ்வளவு ஆட்டம் வரை சரி, எதற்கு மேல் மாற்ற வேண்டும் என்ற கணக்கு பட்டறைக்குப் போகும் பெரிய புத்தகத்தில் இருக்கிறது. வாங்குகிறவர் கையில் தரும் புத்தகத்தில், பாட்டுப் பெட்டியை எப்படி இயக்குவது என்பதற்கு இத்தனை பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் ஒரு பக்கத்தை எடுத்து, ஜாக்கியை எங்கே வைத்துச் சக்கரத்தை எப்படி ஆட்டிப் பார்ப்பது என்று படம் போட்டு, தமிழிலும் அச்சிட்டுக் கொடுங்கள்.